மத்தேயு 16:18: "இந்தக் கல்" எது? வேதபாடம் எடுக்கணும்

கேள்வி (எழுதியவர்: ஒலிவக்கிளை)
வாலிபர் கூடுகைக்கு 40 நிமிடப் பாடம். தலைப்பு: சபையின் அஸ்திபாரம். இயேசு பேதுருவிடம் "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" என்று சொல்லும் வசனம் இது. "கிரேக்கத்தில் பெட்ரோஸ் என்றால் சின்னக் கூழாங்கல், பெட்ரா என்றால் பெரிய பாறை, அதனால் கல் பேதுரு அல்ல" என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அப்படியே சொல்லலாமா? 1 கொரிந்தியர் 3:11-க்கும் எபேசியர் 2:20-க்கும் முரண் இருக்கிறதே என்று யாராவது கேட்டால்?

பதில் 1 (மூலமொழி)
கூழாங்கல் வாதத்தை விட்டுவிடுங்கள், பிரதர். புதிய ஏற்பாட்டுக் காலக் கிரேக்கத்தில் அந்த வேறுபாடு உறுதியாக நிற்காது. சாதாரணக் கல்லுக்கு 'லித்தோஸ்' என்ற சொல் தனியாகவே இருந்தது. 'பெட்ரா' பெண்பால். ஆணுக்குப் பெயராக வைக்கும்போது 'பெட்ரோஸ்' ஆகிறது, அவ்வளவுதான். இயேசு பேசிய அரமேயத்தில் இரண்டு இடத்திலும் 'கேபா' என்ற ஒரே சொல்தான் வரும் (யோவான் 1:42 பாருங்கள்).

நம் பழைய மொழிபெயர்ப்பில் இன்னொரு சிக்கல். மத்தேயு 7:24-இல் வீடு கட்டப்பட்ட "கன்மலை"யும் 16:18-இன் "கல்"லும் மூலத்தில் ஒரே 'பெட்ரா'. தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இந்தத் தொடர்பு தெரியவே தெரியாது. பேதுரு என்ற பெயரும் தமிழ்க் காதுக்குக் கல்லாகக் கேட்பதில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; 'பியேர்' ஆளுக்கும் பெயர், கல்லுக்கும் பெயர்.

பதில் 2 (திருவிவிலிய வாசகர்)
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து: பொது மொழிபெயர்ப்பில் "பாறை" என்றே இருக்கிறது. அடுத்த வசனத்தில் பேதுருவுக்குத் தரப்படும் திறவுகோலை எசாயா 22:22-உடன் சேர்த்து வாசியுங்கள். அங்கே எலியாக்கிம் என்ற அதிகாரிக்குத் திறவுகோலோடு கொடுக்கப்படுவது அரண்மனைப் பொறுப்பு. அதனால்தான் நாங்கள் இதைப் பேதுருவின் பணிப்பொறுப்பாகப் பார்க்கிறோம். 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் தலைமைக்கு இந்த வசனத்தையே ஆதாரமாக்கியது. ஆனால் பேதுருவுக்குத் தரப்படும் கட்டவும் அவிழ்க்கவுமான அதிகாரம் 18:18-இல் சீடர் எல்லாருக்கும் கொடுக்கப்படுகிறது என்ற உங்கள் தரப்பு வாதத்தையும் மறைக்காதீர்கள். ஆதித் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனே பாறை பேதுரு என்றும் கிறிஸ்து என்றும் இரண்டு விதமாக விளக்கிவிட்டு, கடைசிக் காலத்தில் எழுதிய மறுபார்வை நூலில் தேர்வை வாசகரிடமே விட்டுவிட்டார்.

பதில் 3 (மூலமொழி)
முரண் கேள்விக்கு: பலகையில் மூன்று பத்தி போடுங்கள். கட்டுகிறவர் யார், அஸ்திபாரம் யார், கற்கள் யார்? மத்தேயு 16-இல் கட்டுகிறவர் கிறிஸ்து. 1 கொரிந்தியர் 3-இல் அஸ்திபாரம் போடும் சிற்பாசாரி பவுல், அஸ்திபாரம் கிறிஸ்து. எபேசியர் 2-இல் அஸ்திபாரம் அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும், கிறிஸ்து மூலைக்கல். 1 பேதுரு 2-இல் கிறிஸ்து ஜீவனுள்ள கல், விசுவாசிகளும் கற்கள். உவமை ஒன்று, பொருத்தம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரே படமாக வரையப் போனால்தான் முரண் முளைக்கும். 1 கொரிந்தியர் 3-இல் பவுல் சண்டை போடுவது "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்ற கட்சிகளோடு. அந்தப் பின்னணி இல்லாமல் 11-ஆம் வசனத்தைத் தனியே பிடுங்கி எடுக்காதீர்கள்.

2 தீமோத்தேயு 2:19-ஐ விட்டுவிட வேண்டாம். அஸ்திபாரம் "நிலைத்திருக்கிறது" என்று நேராகச் சொல்லும் வசனம் அது. அதற்கு முந்தின வசனத்தில் இமெநேயுவும் பிலேத்துவும் சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்க்கிறார்கள். ஆட்கள் விழுந்துகொண்டிருக்கும்போது சொல்லப்பட்ட வார்த்தை.

"பாதாளத்தின் வாசல்கள்" பற்றியும் கேட்பார்கள். இயேசு இதைச் சொன்ன பிலிப்புச் செசரியாவில் (இன்றைய பனியாஸ், எர்மோன் மலை அடிவாரம்) கிரேக்கரின் பான் தெய்வத்துக்குரிய குகை இருந்தது உண்மை. ஆனால் சொற்றொடருக்குக் குகையைத் தேடவேண்டியதில்லை. எசேக்கியா ராஜா ஏசாயா 38:10-இல் மரணத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்.

ஒலிவக்கிளை
நன்றி ஐயா. மூன்று பத்திக்கே 25 நிமிடம் போய்விடும்போல. குகையை விட்டுவிடுகிறேன்.