உள்ள கண்ணு தொறந்தே கெடக்கு: கடலோரத்தில் லீஃப் ஷட்டர் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

உப்புக்காற்று:
மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பாம்பன் சின்னப்பாலம் கிராமத்தில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் படம் எடுக்கச் சம்மதித்திருந்தார். என்னிடம் இருந்தது யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமரா, ரோலில் மிச்சம் மூன்று பிரேம். வெயில் ஏறிவிட்டதால் முகத்து நிழலைப் போக்க ஃபிளாஷ் போட்டு 1/500 நொடி வைத்தேன், எந்த வேகத்திலும் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் லீஃப் ஷட்டரை (லென்ஸுக்குள் இதழ் இதழாகத் திறந்து மூடும் பிளேடுகள்) நான் விடாமல் வைத்திருப்பதே இதற்காகத்தான். இடுப்பளவு தண்ணீரிலிருந்து சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார், விரல்களில் துணி சுற்றியிருந்தது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நேராக லென்ஸைப் பார்த்தார். அழுத்தினேன். சத்தம் வழக்கம்போலத்தான் கேட்டது. அடுத்த பிரேமுக்குச் சுற்றப் போனபோது அவர்தான் சொன்னார்: "தம்பி, உள்ள கண்ணு தொறந்தே கெடக்கு."

திருப்பிப் பார்த்தால் பிளேடுகள் பாதியில் நிற்கின்றன, நடுவில் நட்சத்திரம் போல ஒரு ஓட்டை. நான் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் விழுவது கீழ் லென்ஸில், எனக்கு எப்படித் தெரியும்? கழுவியபோது அந்த நெகட்டிவ் முழுக்கக் கறுப்பு. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தொண்டிக்காரன்:
ஆகியிருக்கிறது. மே மாதம், தேவிபட்டினத்தில் காருக்குள் பையை வைத்துவிட்டு மதியம் வரை சுற்றினேன். மாமியா ஆர்பி67 கேமராவில் ஒரு நொடி வைத்தால் மூன்று நொடி கழித்துத்தான் மூடியது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் சிலதைச் சொல்லியாக வேண்டும். முதலில் ரோலை எடுத்துவிட்டு, பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு வேகமாக அழுத்திப் பாருங்கள். வேகமானவை சரியாக இருந்து ஒரு நொடி, அரை நொடி மட்டும் இழுத்தால் மெதுவேகப் பல்சக்கரத்தில் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது, அந்த "கிர்ர்" சத்தம் நடுவில் திக்குவதே காட்டிக்கொடுத்துவிடும். எல்லா வேகத்திலும் ஒட்டினால் பிளேடில் எண்ணெய். சூட்டில் ஃபோகஸ் மரையின் கிரீஸ் உருகி நகர்ந்து அங்கே போய்ப் படியும், டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரம்போல மினுங்கும். மாமியா வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்னால் லென்ஸ் டி (டைம்) அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், டி-யில் இருந்தால் அதுவாக மூடாது, அது பழுதே இல்லை. எண்ணெயைக் கரைக்க லைட்டர் பெட்ரோலை லென்ஸுக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். முன் கண்ணாடித் தொகுதியைக் கழற்றி, அதைப் பட்ஸில் தொட்டுத் துடைத்து, அழுத்தி, மறுபடி துடைக்க வேண்டும். ஊற்றினால் எண்ணெய் கரைந்து இன்னோர் இடத்தில் போய் உட்காரும். பிளேடுக்கு எண்ணெயே கூடாது, அது காய்ந்துதான் ஓட வேண்டும். அப்புறம், ஷட்டரைக் காக் செய்தபடி (ஸ்பிரிங் முறுக்கி, அழுத்தத் தயாரான நிலையில்) அலமாரியில் வைக்கவே கூடாது.

பாலத்தடி:
கடைசியாகச் சொன்னது எல்லா கேமராவுக்கும் பொருந்தாது அண்ணே. ஹாசல்பிளாட் 500சி/எம்-இல் காக் ஆகியிருந்தால்தான் லென்ஸைக் கழற்றவே முடியும். "கூடவே கூடாது" என்று பொதுவாகச் சொன்னால் புதிதாக வாங்கியவர்கள் குழம்புவார்கள்.

என் கதை 2022 நவம்பர். அடுத்த மாதமே பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். காலையில் எக்ஸ்டென்ஷன் டியூப் (கிட்டத்தில் எடுக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் போடும் குழாய்) மாட்டி உப்புப் படிகம் எடுத்தேன். லென்ஸை முதலில் கழற்றி அதன்பின் டியூபைக் கழற்ற வேண்டும், அவசரத்தில் இரண்டையும் சேர்த்துத் திருகிவிட்டேன். சாலைப் பாலத்தில் நின்று ரயில் தூக்குப் பகுதிக்கு வரும்போது அழுத்தினால் மொட்டையாக ஒரு சத்தம். கைப்பிடி சுற்றவில்லை, கேமராவின் உள்கண்ணாடி கீழே இறங்கவில்லை. வ்யூஃபைண்டரில் வெறும் இருட்டு, காதில் ரயில் மெதுவாகக் கடக்கும் சத்தம். தலையைத் தூக்கி வெறும் கண்ணால் பார்த்திருக்கலாம், அதைக்கூடச் செய்யாமல் கைப்பிடியோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அறைக்கு வந்து, டார்க் ஸ்லைடு (ஃபிலிமை வெளிச்சம் படாமல் மறைக்கும் தகடு) போட்டு ஃபிலிம் மேகசினைக் கழற்றி, பின்கதவு இரண்டையும் விரலால் தள்ளி, நீளமான மெல்லிய ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு, லென்ஸோடு சேரும் திருகை வலப்பக்கமாகத் திருப்பினேன். 'க்ளக்' என்று விடுபட்டது. அதன்பின் அந்த ஸ்க்ரூடிரைவர் பையை விட்டு இறங்கியதில்லை.

தொண்டிக்காரன்:
சரி தம்பி, ஹாசல்பிளாடுக்கு ஒத்துக்கொள்கிறேன். யாஷிகாவுக்கு நான் சொன்னதுதான்.

உப்புக்காற்று:
பிளேடில் எண்ணெய்தான், டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கும், அதனால் மதுரையில் ஒருவரிடம் கொடுத்துத் துடைத்து வாங்கினேன். போன மாதம் மறுபடி சின்னப்பாலம் போனேன். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "இப்ப மூடுதா?" என்றார். ரோல் போடுவதற்கு முன் பின்மூடியைத் திறந்து, ஒரு நொடி வைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். வானத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ரோல் இன்னும் கழுவவில்லை.