பொருள்: ஃபியூசியா என்ற பூச்செடியின் கொழுந்தைக் கெடுக்கும் உயிரிக்கு ஒரு சொல் (அவசரம்)

கனகாம்பரம், லண்டன்:
எங்கட கூட்டுத் தோட்டத்தில் இருக்கிற வயதுபோன தமிழ் ஆக்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தால் துருநோய். அதுக்குச் சொல் இருக்கு, பிரச்சினை இல்லை. மற்றதுதான் பிரச்சினை. கொழுந்து முறுகித் தடித்துச் சிவக்கும், பூ வராது. காரணம் 'அக்குலொப்ஸ் ஃபியூசியே' எண்ட சிற்றுயிர் (gall mite). 2007இல் பிரித்தானியாவில் கண்டுபிடித்தார்கள். கால் மில்லிமீற்றர்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. வீட்டுத் தோட்ட மருந்துக்கு மசியாது. நல்ல தண்டு வரும்வரை வெட்டி எரிக்க வேணும், உரக்குழியில் போடக் கூடாது. தமிழில் என்ன சொல்லலாம்?

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:
அக்கா, இது எங்க தேங்காயை நாசம் பண்ணின ஈரியோஃபைட்ங்கிற சிற்றுயிருக்குப் பங்காளி. இங்க அதை ஈரியோஃபைட் சிலந்தின்னுதான் சொல்றோம். 'கழலைச் சிலந்தி'ன்னு போடுங்க.

நன்னூலடிமை:
சிலந்திக்கு எட்டுக் கால். இவ்வினத்துக்கு நான்கே. கழலையோ மனித உடலில் வருவது. மரத்தின் வீக்கத்தை நம்மவர் அறியாதவரா? மாசிக்காய் காயா? கடுக்காய்ப்பூ பூவா? இரண்டும் பூச்சி பட்டு வீங்கியவையே. 'முகைத்திரிபுச் சிற்றுண்ணி' என்க.

தென்னந்தோப்பு:
எங்கப்பா அதைச் சிற்றுண்டின்னு படிப்பார். மாசிக்காயைக் காய்னுதானே ஐயா பேர் வெச்சாங்க? அப்போ எங்க அறிஞ்சாங்க?

அகராதிப்புழு, யாழ்ப்பாணம்:
பழைய வைத்தியத்தில் சிலந்தி என்றால் கட்டி, புண். நரம்புச்சிலந்தி புழுவால் வருவது, கால் எண்ணியா பெயர் வைத்தார்கள்? நோயும் உயிரும் ஒரே சொல்லில் அடங்குது: 'கொழுந்துச் சிலந்தி'. இன்னொன்று. ஃபூக்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் நினைவாகப் புளூமியே 1703இல் வைத்த பெயர்தான் ஃபியூசியா. ஃபூக்ஸ் எண்டால் நரி. 'நரிப்பூ' எனலாமே?

கனகாம்பரம்:
நரிப்பூ எண்டால் ஒருத்தரும் தங்கட செடி எண்டு நினைக்க மாட்டினம். சிலந்தி எண்டால் வலை தேடுவினம். நேற்று பக்கத்துப் பாத்தி அம்மாவிடம் நோய்க் கிளையைக் காட்டினன். "கொழுந்து வீங்கிப்போச்சு, பேன் பிடிச்சிருக்கு" எண்டா. 'கொழுந்துவீக்கப் பேன்' எண்டே அனுப்பிறன். வெட்டின கத்தரியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதேங்கோ எண்ட வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறன்.

தென்னந்தோப்பு:
சரி அக்கா, என் ஓட்டும் அதுக்கே.

நன்னூலடிமை:
பேனுக்கு ஆறு கால். இலைப்பேன் என்னும் பூச்சியோடும் குழம்பும். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.