புதுப்பிப்பு: ஸ்பேர் சாவில கார் ஸ்டார்ட் ஆகி உடனே நின்ன பிரச்சனை தீர்ந்துடுச்சு
ஸ்பேர் சாவி போட்டா கதவு திறக்குது, ஆனா இன்ஜின் ரெண்டு செகண்ட்ல நின்னுடுது, மீட்டர்ல சாவி லைட் மினுக்குதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

ரிமோட் பேட்டரி மாத்தினேன், பிரயோஜனமில்ல. ஒரிஜினல் சாவிய இக்னிஷன் பக்கத்துல ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு ஸ்பேர திருப்பிப் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாருல்ல, அதான் சரியா இருந்துச்சு, நிக்காம ஓடுச்சு. ஸ்பேர பிரிச்சா உள்ள இம்மொபிலைசர் சிப் (இது சரியான சாவிதான்னு காருக்குக் காட்டுற சின்ன சிப், அது இல்லன்னா இன்ஜின் ஓடாது) இருக்க வேண்டிய குழி காலி! அந்த சிப்புக்கு பேட்டரியே தேவையில்ல, இக்னிஷன சுத்தி இருக்கிற காயில்ல இருந்து பவர் எடுத்துக்கும். சாவிக்காரர் வந்து புது சிப் வெச்சு, அவரோட கருவிய ஓபிடி போர்ட்ல (கார் கம்ப்யூட்டரோட இணைக்கிற சாக்கெட்) மாட்டி ப்ரோகிராம் பண்ணாரு. எதிர்பாக்காதது என்னன்னா, அப்ப ஒரிஜினல் சாவியோட பதிவும் அழிஞ்சு, ரெண்டையும் சேத்துப் பதிய வேண்டியதாப் போச்சு, அதனால எல்லா சாவியையும் கையில வெச்சுக்கங்க.