'கடுங்குளிரூட்டல்': அகச்சிவப்பு லேசர்களுக்கான கலைச்சொல் குறித்து

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் குளிர்விப்பதைக் குறிக்கும் 'கிரையோஜெனிக் கூலிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன்மொழியப்பட்ட 'உறைகுளிர்த்தல்' செவிக்கு இனியதுதான். ஆயினும் உயர் ஆற்றல் திண்மநிலை அகச்சிவப்பு லேசர்களுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. அங்கே எதுவும் உறைவதில்லை. லேசர் ஒளியைத் தரும், இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்த யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட்) படிகம் முன்பே திண்மம். அதைக் குளிர்விக்கும் நைட்ரஜன் நீர்மமாகவோ, ஹீலியம் வளிமமாகவோதான் பாய்கிறது.

வெறும் 'குளிர்த்தல்' போதும் என்ற மாற்றுக் கருத்தையும் ஏற்க இயலவில்லை. இப்படிகத்தை 940 நானோமீட்டர் ஒளியால் கிளர்வித்தால் 1030 நானோமீட்டரில் லேசர் ஒளி வெளிப்படும். இடைப்பட்ட ஏறத்தாழ 9 விழுக்காட்டு ஆற்றல் வெப்பமாகப் படிகத்திலேயே தங்கும். அவ்வெப்பத்தை அகற்றக் குளிர்நீரும் உதவும். ஆனால் அறை வெப்பநிலையில் லேசரின் கீழ் மட்டத்தில் (ஒளியை உமிழ்ந்த இட்டெர்பியம் அயனிகள் வந்து சேரும் ஆற்றல் நிலையில்) அயனிகள் ஓரளவு நிறைந்திருப்பதால், தான் வெளியிட வேண்டிய ஒளியையே படிகம் உட்கவர்ந்துகொள்கிறது. நீர்ம நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினுக்கு இறக்கினால் அம்மட்டம் ஏறக்குறைய வெறுமையாகி, மூன்று மட்ட லேசரை (கீழ் மட்டம் நிறைந்திருப்பது) ஒத்திருந்த பொருள் நான்கு மட்ட லேசராக (கீழ் மட்டம் வெறுமையானது) இயங்கத் தொடங்குகிறது. கூடவே வெப்பக் கடத்துதிறன் உயர்ந்து, வெப்ப விரிவும் குறைவதால், சூடான படிகம் வில்லைபோல் ஒளியை வளைத்துக் கற்றையைக் குலைக்கும் வெப்ப வில்லை விளைவும் பெரிதும் தணிகிறது. படிகத்தின் இயல்பையே மாற்றும் இச்செயலுக்குத் தனிச்சொல் வேண்டும்.

'மீக்குளிர்த்தல்' ஆகாது, உறைநிலைக்குக் கீழும் உறையாதிருக்கும் நீர்மத்தின் நிலைக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது.

ஆகவே 'கடுங்குளிரூட்டல்' என்பதை முன்வைக்கிறேன். கடுங்குளிர் லேசர், கடுங்குளிர்க்கலம் (கிரையோஸ்டாட்) என அது எளிதில் கிளைக்கும். 120 கெல்வினுக்குக் கீழ்ப்பட்டதே கடுங்குளிர் என்று வரையறுக்க வேண்டும் என்ற கருத்துக்கு மட்டும் ஒரு தடை உண்டு. பிரிட்டனின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் உருவாகி, செக் நாட்டின் ஹைலேஸ் லேசர் ஆய்வு மையத்தில் 100 ஜூல் துடிப்புகளை நொடிக்கு 10 முறை வழங்கிய லேசர் பெருக்கியில், ஹீலியம் வளிமம் ஏறத்தாழ 150 கெல்வினில்தான் பாய்கிறது. மேலும் குளிர்வித்தால் பெருக்கம் கூடும் என்றாலும், தூண்டலின்றித் தானே வெளிப்படும் ஒளியான தன்னிச்சை உமிழ்வும் சேர்ந்து பெருகிச் சேமித்த ஆற்றலை வீணாக்கும். பெருக்கம் நிகழும் அலைநீள நெடுக்கமும் குறுகிவிடும். துறையினர் அதையும் கிரையோஜெனிக் என்றே அழைப்பதால், நம் விளக்கக் குறிப்பில் எண் எல்லை வேண்டாம். 'லேசர் ஊடகத்தின் ஆற்றல் மட்ட நிரப்பும் வெப்பப் பண்புகளும் சாதகமாக மாறும் அளவுக்கு, அறை வெப்பநிலைக்கு மிகக் கீழே குளிர்வித்தல்' என்று எழுதலாம்.