கோடை உண்மையில் எப்போது தொடங்குகிறது?

கேள்வி (சென்னை)

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பருவ காலங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கையில் எழுந்த ஐயம் இது. அவளுடைய பாடம் மார்ச் முதல் மே வரை கோடை என்கிறது. நாம் பள்ளியில் படித்த பெரும்பொழுதுப் பிரிவின்படியோ, சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். அப்படியானால், மே 4 அளவில் தொடங்கி 28 அளவில் முடியும் கத்திரி வெயில் முழுவதும் இளவேனிலுக்குள் அல்லவா விழுகிறது? தார்ச்சாலை இளகும் நாள்களை இளவேனில் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. கத்திரி கழிந்தால் கோடை போயிற்று என்கிறார்கள். ஆனால் ஜூனில் சென்னை குளிர்ந்ததாக எனக்கு நினைவில்லை. எந்தக் கணக்கை ஏற்பது?

மறுமொழி (திருச்சி)

உங்கள் நினைவு சரிதான். சென்னையில் மே, ஜூன் இரண்டு மாதங்களிலும் பகல்நேர உச்ச வெப்பநிலையின் சராசரி 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம்; மார்ச் முதல் மே வரை பருவமழைக்கு முந்தைய காலம்; ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; எஞ்சிய மூன்று மாதங்கள் வடகிழக்குப் பருவமழை. இது நாடு முழுவதற்குமான கணக்கு. கேரளத்தில் ஜூன் 1-ஐ ஒட்டி மழை தொடங்கும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் வறண்ட மேல்காற்றுதான். அந்தக் காற்று வலுத்திருக்கும் நாள்களில் கடற்காற்று கரையேறத் தாமதமாகிறது. பிற்பகல் வரை நகரம் வேகிறது. கத்திரி என்பதோ பஞ்சாங்கச் சொல். வானிலைத் துறையின் வரையறைகளில் அதற்கு இடமில்லை.

மறுமொழி (மதுரை)

வானிலையைத் திருச்சி நண்பர் சொல்லிவிட்டார். நாட்காட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். தொல்காப்பியம் கார், கூதிர், வேனில் என்று பருவங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதே தவிர, இன்ன பருவத்துக்கு இன்ன மாதம் என்று வரையறுப்பதில்லை. மாதக் கணக்கைத் தந்தவர்கள் உரையாசிரியர்கள். நம் மாதங்கள் சூரியன் விண்மீன்களுக்கு நடுவே நிற்கும் இடத்தை வைத்து அமைந்தவை. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வால் விளைபவை. அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால், ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் மாதங்கள் பருவங்களை விட்டு விலகிச் செல்கின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளை ஒட்டியே சித்திரை பிறந்தது. இன்று அந்நாளுக்கு 24 நாள் கழித்து ஏப்ரல் 14-இல் பிறக்கிறது. 1957-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டி, தன் முதல் மாதமான சைத்திரத்தின் முதல் நாளை மார்ச் 22-க்குக் கொண்டுவந்து இந்தப் பிழையை நீக்கப் பார்த்தது. அது அரசிதழோடு நின்றுவிட்டது. அந்த 24 நாள் விலகலைக் கழித்துப் பார்த்தால், பழைய முதுவேனில் மே 20-ஐ ஒட்டித் தொடங்கியிருக்கும். உங்கள் இளவேனிலின் இரண்டாம் பாதி அவ்வளவு சுடுவதற்குக் காரணம் இதுதான்.

மறுமொழி (திருச்சி)

மதுரை நண்பரின் விளக்கத்தில் ஓர் இடறல் உண்டு. கத்திரியும் கார்த்திகை விண்மீனை வைத்துக் கணிக்கப்படுவதுதானே? மாதம் நகரும்போது அதுவும் கூடவே நகரும். ஆகவே, எந்த நூற்றாண்டை எடுத்தாலும் அது சித்திரை, வைகாசிக்குள்தான் இருக்கும். உங்கள் கணக்கின்படி 1,700 ஆண்டுகளுக்கு முன் அது ஏப்ரல் 10 அளவில் தொடங்கி மே 4 அளவில் முடிந்திருக்க வேண்டும். சூரியன் கன்னியாகுமரியின் உச்சிக்கு வருவது ஏப்ரல் 10, 11 வாக்கில்; சென்னைக்கு 24, 25 வாக்கில். அதாவது, தலைக்கு நேரே வெயில் காயும் நாள்களையே கத்திரி அன்று குறித்திருக்கிறது. இது என் ஊகம்தான், ஆயினும் பொருத்தம் வியப்பளிக்கிறது.

மறுமொழி (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரல் 15 அளவில், புத்தாண்டை ஒட்டி. ஆனால் நாங்கள் ஆறு பருவமும் பார்ப்பதில்லை; மாரி, கோடை என்ற இரண்டே எங்களுக்குப் போதுமானவை. வாடை ஓய்ந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்தால், நாட்காட்டியைப் பாராமலே காலம் மாறிவிட்டது என்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தென்றல், வாடை, கொண்டல் என்ற வரிசையில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குப் பழந்தமிழில் கோடை என்றே பெயர். திருச்சி ஐயா குறிப்பிட்ட மேல்காற்றும் அதுதான். அந்தச் சொல்லில் வெயிலோடு காற்றும் இருக்கும்போது, தொடக்க நாளைத் தேடி ஏன் மாதப் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டும்?

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. காற்றை அளவுகோலாகக் கொண்டால் எங்கள் ஊர்க் கோடை மே மாதத்தோடு முடிவதில்லை என்பது தெளிவாகிறது. மகளிடம் மூன்று கணக்குகளையும் சொன்னேன். தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டாள். மார்ச் முதல் மே வரை என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.