பத்தாவது சேனலில் மட்டும் வந்த இரைச்சல்

மூன்று வாரம் எங்களைத் தூங்கவிடாத ஒரு கோளாற்றைப் பகிர்கிறேன். சிலிக்கான் இன்டர்போசர் (சிப்களைத் தாங்கி இணைக்கும் சிலிக்கான் தட்டு) மீது ஒரு டிஜிட்டல் சிப், பக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர். ரிசீவரைத் தனியாகச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. இரண்டையும் ஒரே பேக்கேஜில் அமர்த்தியதும் வைஃபையின் பத்தாவது சேனலில் மெலிந்த சிக்னல்கள் காணாமல் போயின. முதல் சேனலிலோ எல்லாம் சரியாக இருந்தது.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 2457.6 மெகாஹெர்ட்ஸில், அதாவது பத்தாவது சேனலுக்குள்ளேயே, முள் போல ஒரு கூர்மையான சிக்னல் நின்றது. எங்கள் டிஜிட்டல் கிளாக் (சிப்பின் தாளத்தை நடத்தும் துடிப்பு) 122.88 மெகாஹெர்ட்ஸ்; இருபதால் பெருக்கிப் பாருங்கள், அதே எண். கிளாக்கின் மடங்குதான் ரிசீவருக்குள் கசிந்திருக்கிறது.

பவர் சப்ளை வழியாகத்தான் வருகிறது என்று நம்பி, சப்ளையின் இரைச்சலை அடக்கும் டீகப்ளிங் கெப்பாசிட்டர்களைக் கூட்டினோம். முள் அசையவில்லை. லேஅவுட்டை விரித்தபோதுதான், கிளாக் செல்லும் டிஎஸ்வியும் ஆன்டெனா சிக்னல் வரும் டிஎஸ்வியும் 50 மைக்ரான் இடைவெளியில் நிற்பது கண்ணில் பட்டது.

டிஎஸ்வி என்பது சிலிக்கானை ஊடுருவி நிற்கும் செம்புத் தூண். எங்களுடையது 10 மைக்ரான் விட்டம், 100 மைக்ரான் நீளம், சுற்றிலும் அரை மைக்ரான் ஆக்சைடு உறை. அந்த உறை காப்பாற்றும் என்றே எண்ணியிருந்தோம். கணக்கிட்டால் அது ஏறக்குறைய 230 ஃபெம்டோஃபாரட் கெப்பாசிட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் தடை 300 ஓமைக்கூட எட்டாது. உறையைத் தாண்டினால் 10 ஓம்-சென்டிமீட்டர் சிலிக்கான், தாராளமாகக் கடத்துகிறது. எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான்: அந்தச் சிலிக்கானை நாங்கள் எங்குமே கிரவுண்டோடு இணைக்கவில்லை. உள்ளே நுழைந்த இரைச்சலுக்கு இறங்கிப் போக வேறு இடமே இல்லை.

சிமுலேஷனில் இடைவெளியை இரட்டிப்பாக்கினோம், பலன் சொற்பம். கிளாக் டிஎஸ்வியைச் சுற்றி நான்கு கிரவுண்ட் டிஎஸ்வி வைத்து, சிலிக்கானுக்கும் கிரவுண்ட் தொடுப்பு கொடுத்த பிறகே அடங்கியது. அடுத்த மாஸ்க்கில் (சிலிக்கானில் வடிவமைப்பைப் பதிக்கும் அச்சு) அப்படியே செய்தோம். பத்தாவது சேனல் மீண்டது.

பதில்:
எனக்கு இதே பாடம் பேக்கேஜ் சப்ஸ்ட்ரேட்டில் (சிப்புக்கு அடியில் இருக்கும் இணைப்புப் பலகை) கிடைத்தது. அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று தளத்தையே இரண்டாக வெட்டியிருந்தோம். வெட்டைக் கடந்து ஓடிய வேகமான கோடுகளின் திரும்பு மின்னோட்டம் நீண்ட சுற்று சுற்றி, வழியிலிருந்த எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்தது. வெட்டை மூடிக் கிரவுண்டை ஒன்றாக்கியதும் இரைச்சல் குறைந்தது. வெட்டச் சொன்னதே நான்தான், நண்பரே.

பதில்:
இருபது இரட்டைப்படை அல்லவா? கிளாக் துடிப்பின் அகலம் ஒரு சுழற்சியில் சரிபாதியாக இருந்தால் இரட்டைப்படை மடங்குகள் எழவே கூடாது. மாஸ்க் வரும்வரை காத்திருந்த நாட்களில் அகலத்தைத் திருத்திப் பார்த்தீர்களா? நாங்கள் ஒருமுறை அப்படித்தான் சமாளித்தோம். வெப்பநிலை மாறினால் அகலமும் நகர்ந்துவிடுகிறது என்பதால் நிலையான தீர்வாக அதை வைத்துக்கொள்ளவில்லை.