நெல்லையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை: இரணியலா, நாகர்கோவிலா? ஒரே நாளில் போய்வர உதவி தேவை

பாளைக்காரி:
வர்ற திங்கள்கிழமை பிள்ளைகளுக்கு லீவு. அம்மா, நான், ஏழாம் வகுப்பு மகள், மூன்றாம் வகுப்பு மகன், நாலு பேரும் ரயிலில் பத்மநாபபுரம் அரண்மனையும் அங்குள்ள அருங்காட்சியகமும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். பஸ் என்றால் சின்னவன் நாங்குநேரி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான், அதனால்தான் ரயில்.

மேப்பில் இரணியல் ஸ்டேஷன்தான் பக்கமாகத் தெரிகிறது. ஆனால் நமக்குத் தோதான நேரத்தில் போகிற வண்டி எதுவும் அங்கே நிற்கவில்லை. நாகர்கோவில் என்று போட்டால் ஜங்ஷன், டவுன் என்று இரண்டு வருகிறது. எங்கே இறங்க? ஒரு மணிக்கு அரண்மனைக்குப் போய்ச் சேர்கிற மாதிரி யோசித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

வள்ளியூரான்:
அக்கா, டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? எடுக்கவில்லை என்றால் நல்லது. திங்கள்கிழமை அரண்மனை லீவு.

பாளைக்காரி:
அடக்கடவுளே! நல்லவேளை கேட்டேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடவா?

தக்கலைக்காரன்:
ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை வாருங்கள். ஞாயிறு சாயந்தரம் நாகர்கோவிலிலிருந்து வடக்கே போகிற வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டிக்குள் அம்மாவை ஏற்றுவதே பெரும்பாடு.

கிழமையைவிட நேரம்தான் உங்களை மாட்டிவிடும். அரண்மனை காலை 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 4.30 வரை. ஒரு மணிக்கு வந்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். உள்ளே நிதானமாகச் சுற்ற இரண்டு மணி நேரமாவது வேண்டும். பத்தரைக்குள் வாசலில் நிற்கிற மாதிரி வண்டியைப் பாருங்கள். வண்டியைப் பிடித்துவிட்டு அதற்கேற்ப அரண்மனையைப் பார்க்கலாம் என்றால் சரிப்படாது.

இரணியலை மறந்துவிடுங்கள். நிறைய எக்ஸ்பிரஸ் அங்கே நிற்பதில்லை, இறங்கினாலும் ஆட்டோ பிடித்தாக வேண்டும். நாகர்கோவிலில் இறங்கி, வடசேரி பஸ் நிலையம் வந்தால் தக்கலை வழியாகத் திருவனந்தபுரம், மார்த்தாண்டம் போகிற பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தத் தூரத்துக்குத் தம்பியை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். தக்கலையிலிருந்து அரண்மனைக்கு ஆட்டோ.

ஜங்ஷன், டவுன் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் போகிற வண்டி ஜங்ஷனுக்குள் போனால் இன்ஜினை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அதைத் தவிர்க்கச் சில வண்டிகள் ஜங்ஷனைத் தொடாமல் டவுன் வழியாகவே போய்விடும். ஜங்ஷன் கோட்டாறு பக்கம், வடசேரிக்கு டவுன்தான் கிட்டம். எதுவானாலும் பரவாயில்லை, ஆனால் திரும்பும் வண்டி எந்த ஸ்டேஷன் என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறான ஸ்டேஷனில் நான் ஒருமுறை முக்கால் மணி நேரம் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டி இன்னொன்றிலிருந்து போய்விட்டது.

அம்மாவுக்கு: வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே மரப்படிகள் குறுகல், செங்குத்து. கதவு நிலைகளும் தாழ்வு, பெரியவர்கள் குனியாமல் போனால் தலையில் இடிக்கும். மாடி ஏறச் சிரமம் என்றால் கீழே பூமுகத்திலேயே, அதாவது முகப்பு மண்டபத்திலேயே, உட்கார்ந்து கூரையைப் பார்க்கட்டும். மரத்தில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

வள்ளியூரான்:
டிக்கெட் பற்றி ஒன்று. இவ்வளவு கிட்டத்துக்கு முன்பதிவில்லா டிக்கெட்டை முந்தின நாளே எடுத்து வைக்க முடியாது. செல்போனில் எடுப்பதானால் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்பே எடுங்கள். உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைத் தேட வேண்டிவரும். ‘எக்ஸ்பிரஸ்’ என்று தேர்ந்தெடுத்தீர்களா என்று இருமுறை பாருங்கள், பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம். மகளுக்கு 12 வயது முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் முழு டிக்கெட்.

ஊர்சுற்றி:
முழங்கால் வலியை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு? திருச்செந்தூர் வண்டியில் ஆதிச்சநல்லூர் பக்கம் போனால் கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழி கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அரை நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

பாளைக்காரி:
ஆதிச்சநல்லூர் பள்ளிக்கூடத்திலேயே கூட்டிப்போய்விட்டார்கள் அண்ணாச்சி. அம்மாவுக்கு இந்த அரண்மனை மீது ஒரு ஆசை. தாத்தாவின் ஊர் கல்குளம் பக்கம். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருப்பதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பாளைக்காரி (ஒரு வாரம் கழித்து):
சனிக்கிழமை போய்வந்தோம். பத்தே காலுக்கு வாசலில் நின்றோம், தக்கலை அண்ணாச்சிக்கு நன்றி. பூமுகத்தில் குதிரை விளக்கு தொங்குகிறது, எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்குமாம். தொடக்கூடாது என்றதால் சின்னவன் அதன் அடியில் நின்று ஊதிப் பார்த்தான். அம்மா மாடி ஏறவில்லை. கறுப்புத் தரையில் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே, கரியும் முட்டைக் கருவும் கலந்து போட்ட தரை என்று பக்கத்தில் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அருங்காட்சியகத்துக் கல்வெட்டுகள் முன்னால் மகளை நகர்த்தவே முடியவில்லை.

திரும்பும்போது ஜங்ஷன்தான். வள்ளியூர் வரை நின்றோம், அங்கே ஒரு குடும்பம் இறங்கியதும் நாலு பேருக்கும் இடம் கிடைத்தது.

வள்ளியூரான்:
எங்க ஊர்க்காரங்க இடம் கொடுக்காமல் இருப்பார்களா அக்கா!